அப்பாவின் கத்தியும் இன்சுலேஷன் டேப்பும்

என் தொழில் வயரிங். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். இது கேரளம்தான். ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ், கடைப்பலகை மலையாளம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். அப்பா இங்கே சலூன் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அடைப்பப் பெட்டி மட்டும் என்னிடம் வந்தது. அதற்குள் தீட்டிய கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கும் ஒரு தோல்வார், நடுவில் குழிந்த ஒரு சாணைக்கல், படிகாரக் கட்டி, இரண்டு சவரக்கத்திகள்.

ஒரு கத்தி சாதாரணமானது. மற்றொன்றுக்கு அப்பா தனி மரியாதை கொடுத்திருந்தார். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி. அந்த ஊர்ப் பெயரை மற்ற ஊர்க்காரர்கள் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938இலேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அதன் முதுகில் கொடி ஓடுவதுபோல் மெல்லிய செதுக்கல் உண்டு. பிடி தந்த நிறத்து செல்லுலாய்டு. பிளேடை இரண்டாக ஒடித்து மாட்டும் கத்தி வந்த பிறகு கடையில் இதற்கு வேலை இல்லை. ஒருவருக்குப் பட்ட கத்தி வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அடுத்தவருக்குப் படக் கூடாது என்பது சரியான முடிவுதான். அப்பா தனக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டார். நானும் எனக்கு மட்டுமே வைத்திருக்கிறேன்.

வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்ததில் வாயில் நான்கைந்து சிறு பொத்தல்கள் விழுந்திருந்தன. அவற்றை எடுக்க 1000 எண் கல்லில் நிறையத் தேய்க்க வேண்டும் (எண் சிறிதானால் கல் முரடு, எண் ஏற ஏற மென்மை). சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத்தான் தீட்டுவோம். வாயும் முதுகும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும், கோணத்தைத் தருவதே முதுகுதான். அவ்வளவு தேய்த்தால் முதுகின் இரு பக்கமும் தட்டையாகிவிடும், அப்பா விரலால் தடவிப் பார்க்கும் அந்தக் கொடியும் போய்விடும். அதற்காகத்தான் முதுகின்மேல் டேப் ஒட்டுவது. கல்லில் தேய்வது டேப், இரும்பு அல்ல.

டேப்புக்கு எனக்கென்ன பஞ்சம்? வண்டிப் பெட்டியில் எப்போதும் நான்கு ரோல் கிடக்கும். அதுதான் முதல் தவறு.

அன்று சித்திரை மாதம். பாலக்காட்டுக் கணவாயின் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, வண்டிப் பெட்டியில் வெந்துகொண்டிருந்த ரோலை எடுத்தேன். அதன் பக்கவாட்டில் பசை கசிந்து, தூசியும் செப்புக் கம்பித் துணுக்கும் ஒட்டியிருந்தன. பார்த்தும் பொருட்படுத்தவில்லை. வயர் முடிச்சுக்குச் சுற்றுவதுபோலவே நன்றாக இழுத்து, இறுக்கி, முதுகின்மேல் ஒட்டினேன். 1000 எண் கல்லில் அரை மணி நேரம் தேய்த்தேன். அப்போது ஒரு தோட்டத்திலிருந்து போன் வந்தது, மோட்டார் புகைகிறது என்று. கத்தியை அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். திரும்பியபோது இருட்டிவிட்டது.

டேப் சுருங்கியிருந்தது. இரு முனையிலும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே ஒதுங்கி, விட்டுப்போன இடத்தில் பசை கறுத்த கோடாக நின்றது. உரித்தேன். பாதிப் பசை டேப்போடு வந்தது, பாதி கத்தியில் தங்கியது. கொடியின் பள்ளங்களுக்குள் அது மை தீட்டியதுபோல் போய் உட்கார்ந்திருந்தது. துணியால் துடைத்ததில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, ஆர்வத்தில் அப்பாவின் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கத்தி ஒரு இடத்தில் தயங்கியது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், தோலின் நடுவே நகத்தின் அகலத்துக்கு ஒரு பிசுக்குத் தடம். அதில் கல்லின் சேறு கறுப்பாக ஒட்டியிருந்தது. அந்தச் சேறு என்பது கல்தூளும் இரும்புத்தூளும் கலந்தது. தீட்டிய வாயை அதன்மேல் இழுப்பது மணல்மேல் இழுப்பதற்குச் சமம்.

பசை போனால் போதும் என்ற பதற்றத்தில் பெயின்ட் தின்னரை எடுத்தேன். பசை உடனே கரைந்தது. ஒரு துளி முதுகோடு வழிந்து பிடிக்குள் இறங்கியது. செல்லுலாய்டு தின்னரில் கரையும் பொருள். துடைப்பதற்குள் பிடியின் பளபளப்பு போய், அந்த இடம் வெந்த தோல்போல் சுருங்கி, என் கட்டைவிரல் ரேகையும் அதில் பதிந்துவிட்டது. நாற்பது வருடம் அப்பா கையில் இருந்த பொருள் அது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் கடையில் அடுத்த நாற்காலியில் இருபது வருடம் வேலை பார்த்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இப்போது வேலந்தாவளம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். கத்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பிடியைப் பார்த்தார், பிறகு முதுகைப் பார்த்தார்.

"கண்ணு, இதை எப்படி ஒட்டினாய்? இப்போது ஒட்டிக் காட்டு" என்றார்.

சட்டைப் பையிலிருந்த ரோலை எடுத்து ஒட்டிக் காட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கம்பிக்குக் கட்டுப் போடுகிறாய். கம்பிக்கு அது சரி. கத்திக்கு ஏன் இந்த இழுப்பு?"

அவர் ஆயுளில் கத்திக்கு டேப் ஒட்டியவர் இல்லை. ஆனால் என் கை செய்த தவறு ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தொழில் பழக்கம். வயர் முடிச்சில் டேப்பை இழுத்துச் சுற்றுவதுதான் முறை. இழுத்த பிவிசி சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கமே முடிச்சை இறுக்கிப் பிடிக்கும், காற்று புகாது. சுற்றின்மேல் சுற்றாக வருவதால் பசை வெளியே தெரியாது. கத்தியின் முதுகிலோ ஒரே ஒரு மடிப்புத்தான். இழுத்து ஒட்டிய டேப் சுருங்கினால் பசை இருந்த இடத்திலேயே நிற்கும், டேப் மட்டும் உள்ளே போகும். கறுத்த கோடு வந்தது அப்படித்தான்.

மற்றக் காரணம் வெப்பம். இந்த டேப்பின் பிவிசி வளைந்துகொடுப்பதற்காக அதில் ஒரு மென்மையாக்கும் எண்ணெய் சேர்த்திருப்பார்கள். நாளாக நாளாக, வெயில் ஏற ஏற, அது மெல்லப் பசைக்குள் இறங்கும். பசை ரப்பர் வகை, எண்ணெய் பட்டால் இளகி ஜவ்வு மிட்டாய்போல் நூலாக நீளும். அப்படி இளகிய பசை டேப்பையும் பற்றாது, இரும்பையும் விடாது, நடுவில் பிளந்துகொள்ளும். வண்டிப் பெட்டியில் ஆறு மாதம் வெந்த ரோல் வயருக்கே ஆகாது. கத்திக்கு எப்படி ஆகும்?

அதன் பிறகு ஏழெட்டு முறை தீட்டியிருக்கிறேன். சாதாரணக் கத்தியில் வேண்டுமென்றே டேப்பைப் பலவிதமாக ஒட்டி, உரித்து, பார்த்திருக்கிறேன். இப்போது என் கை செய்வதைச் சொல்கிறேன்.

கத்திக்கென்று தனி ரோல். அது வீட்டுக்குள், மண்பானை இருக்கும் மூலையில், மூடிபோட்ட டப்பாவில் இருக்கிறது. கடையில் வாங்கும்போதே ரோலின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். விரல் ஒட்டினால் அது பழைய சரக்கு, வேண்டாம். ரோலின் முதல் சுற்றை வெட்டி எறிந்துவிடுவேன், தூசி படிவது அதில்தான்.

டேப்பின் அகலம் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் இருக்கும். அதை அப்படியே மடித்தால் கத்தியின் கன்னத்தில், அதாவது முதுகுக்கும் வாய்க்கும் இடையிலான பக்கத்தில், பாதி தூரம் இறங்கும். இந்தக் கத்திகளின் கன்னம் குழிவானது. முதுகுக்குக் கீழே டேப் இரும்பைத் தொடாமல் பாலம்போல் தொங்கும், அந்த இடைவெளியில் தண்ணீரும் சேறும் புகும். ஆகவே ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, 12 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கட்டரால் கீறிக்கொள்கிறேன். மழுங்கிய கத்தரிக்கோல் உதவாது. அது பசையை ஓரத்துக்கு இழுத்துவந்து விட்டுவிடும்.

முதுகில் எண்ணெய் இருக்கக் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்கக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதன்மேல் டேப் ஒட்டினால் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கிய இடத்தில் பசை தேய்ந்து பரவும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்து, காய்ந்த பிறகே ஒட்டுகிறேன்.

ஒட்டும் விதத்தில்தான் முக்கால் பங்கு இருக்கிறது. டேப்பைக் கத்திமேல் ஒட்டுவதை விட்டுவிட்டேன். கீறிய துண்டைப் பசை மேலே இருக்கும்படி மேசைமேல் வைத்து, கத்தியின் முதுகை அதன் நடுக்கோட்டில் இறக்குகிறேன். பிறகு இரு கட்டைவிரலாலும் இரு ஓரத்தையும் மேலே தடவிவிட்டால் அது தானாகக் கன்னத்தில் படியும். இதில் இழுக்க வழியே இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது: இந்த நிலையில் வாய் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். விரல் டேப்பின் ஓரத்தைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். ஒட்டியதும் நகத்தின் பின்புறத்தால் ஒரு முறை நீளமாகத் தேய்த்தால் காற்றுக் குமிழ் போய்விடும்.

ஒரு கல்லுக்கு ஒரு டேப். 1000 எண் கல்லில் தேய்ந்த டேப்போடு 4000க்குப் போகக் கூடாது. தேய்ந்த அளவுக்குக் கோணம் இறங்கியிருக்கும், வாயின் சாய்வு (வாயை ஒட்டிக் கல்லில் தேய்ந்து வரும் குறுகிய பட்டை) கல்லில் சரியாக உட்காராது. அதோடு, முரட்டுக் கல்லின் துகள் டேப்பில் பதிந்து மென்மையான கல்லுக்குப் போகும். 4000 முடிந்தால் உரித்துப் புதிது, 8000க்கும் புதிது. 1000இல் வேலை நீண்டால் நடுவிலேயே ஒரு முறை மாற்றுகிறேன். டேப் தேய்ந்து ஓட்டையாகிவிட்டால் பசை நேராகக் கல்லைத் தொடும். கல்லின் துளைகளில் போன பசையை எடுப்பது தோலில் போனதை எடுப்பதைவிடத் தொல்லை, மேல்பரப்பையே தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

உரிப்பதற்கு மாமா ஒரு வழி சொன்னார். பசையைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் வெயிலைப் பற்றித் தெரியும். "குளிரவைத்து உரி" என்றார். ஒரு குவளை பானைத் தண்ணீரில் கத்தியின் முதுகை அரை நிமிடம் நனைக்கிறேன். குளிர்ந்த பசை இறுகி டேப்போடே நிற்கிறது. பிறகு ஈரத்தைத் துடைத்து, நுனியிலிருந்து பிடியை நோக்கி, டேப்பைத் தன்மேலேயே மடித்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக உரிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் குறுக்காக ஒரு பசைக்கோடு விழும். மெல்ல மெல்ல உரித்தால் பசை தங்காது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். வெயில் காலத்தில் அது நேர்மாறு. மெல்ல உரிக்க உரிக்கப் பசை நீண்டு கத்தியிலேயே நின்றுவிடுகிறது.

ஒட்டியதிலிருந்து உரிப்பது வரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. போன் வந்தால் முதலில் உரித்து, துடைத்து, பிறகுதான் எடுக்கிறேன். இரவு முழுவதும் டேப்போடு விட்ட சாதாரணக் கத்தியில் பசையோடு வேறொன்றும் கிடைத்தது: டேப்பின் ஓரத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு. உள்ளே சிக்கிய ஈரம் துருவாக மாறியிருந்தது. பசை போகும், துரு பள்ளம் பறித்துவிட்டுத்தான் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நேரம் கொஞ்சம் பசை தங்கும், முக்கியமாகக் கொடியின் பள்ளங்களில். முதலில் உரித்த டேப்பின் பசைப் பக்கத்தாலேயே அந்த இடத்தைத் தட்டித் தட்டி எடுக்கிறேன். பசை பசையோடுதான் போகும், பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். மிச்சத்துக்கு நீலகிரித் தைலம். பஞ்சில் இரண்டு சொட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்தால் பசை உருண்டு வரும். பிடியைத் துணியால் சுற்றிக்கொண்டு, கத்தியின் நுனி கீழே சாய்ந்திருக்கும்படி பிடித்துத்தான் இதைச் செய்கிறேன், துளி எதுவும் பிடியின் பக்கம் ஓடாது. தைலம் இல்லையென்றால் தேங்காய் எண்ணெயும் செய்யும், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். மார்கழிக் காலையில் அது பாட்டிலிலேயே உறைந்திருக்கும், உள்ளங்கையில் உருக்கிக்கொள்ளலாம். மண்ணெண்ணெயும் பசையைக் கரைக்கும், நாற்றம்தான் முகத்தருகே கொண்டுபோக முடியாது. தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் இரண்டும் பிளாஸ்டிக், செல்லுலாய்டு பிடியுள்ள கத்திக்கு அருகிலேயே வேண்டாம். எது போட்டாலும் கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், எண்ணெய் தோல்வாருக்குப் போகக் கூடாது.

முழுவதும் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்து நம்ப மாட்டேன். ஒரு சிட்டிகைப் பஞ்சை முதுகோடு நீளமாக இழுப்பேன். எங்காவது ஒரு இழை நின்றால் அங்கே பசை இருக்கிறது. இழை எதுவும் நிற்காத பிறகே கத்தி தோல்வாருக்குப் போகும்.

தோல்வாரில் விழுந்த தடத்தையும் புது டேப்பின் பசைப் பக்கத்தால் தட்டித் தட்டித்தான் எடுத்தேன், மூன்று நாள் மாலை உட்கார்ந்து. பிறகு உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தேன். இழுப்பு இப்போது ஒரே சீராக இருக்கிறது. நிறம் மட்டும் அந்த இடத்தில் சற்றுக் கறுத்துத் தெரியும்.

கோணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டேப் ஒட்டினால் முதுகு தடிக்கிறது, வாயின் கோணம் கூடுகிறது. என் கத்தியின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 4. கணக்குப் போட்டால் கோணம் 14 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. டேப் 0.125 மில்லிமீட்டர், இரு பக்கமும் சேர்த்தால் 0.25. கோணம் 15 டிகிரியைத் தாண்டுகிறது. ஒரு டிகிரிக்கு உள்ளான வித்தியாசம்தான், சவரத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு முறை டேப்போடு தீட்டினால் அடுத்த முறையும் டேப்போடுதான் தீட்ட வேண்டும், அதுவும் அதே தடிமனில். டேப் இல்லாமல் வைத்தால் சாய்வின் அடிப்பகுதி மட்டும் கல்லைத் தொடும், வாய் நுனி தொடாது. தேய்த்துக்கொண்டே இருப்போம், கூர் ஏறாது. சந்தேகம் வந்தால் வாயின் சாய்வில் மார்க்கரால் கோடு போட்டு, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

பொள்ளாச்சியில் மொபைல் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் பொன்னிறமான பாலிஇமைடு டேப் கொஞ்சம் கொடுத்தார். சூடு தாங்க அவர்கள் போர்டின்மேல் ஒட்டுவது. தடிமன் பாதிகூட இல்லை, சுமார் 0.06 மில்லிமீட்டர். பசை சிலிக்கான் வகை, வெயிலில் இளகுவதில்லை, உரித்தால் சுத்தமாக வந்துவிடுகிறது. கல்லில் வழுவழுப்பாக ஓடும். விலை அதிகம், முதுகின் வளைவில் படிய வைப்பதும் சற்றுச் சிரமம். கடைசி 8000 எண் கல்லுக்கு மட்டும் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணி, மேலே சொன்ன தடிமன் கணக்கால் கைவிட்டேன். ஆரம்பத்திலிருந்தே அதைப் போட்டால் சரி, நடுவில் மாற்றினால் ஆகாது.

மாமாவுக்கு இன்னும் டேப்பில் உடன்பாடு இல்லை. அப்பாவின் சாதாரணக் கத்தியை என் கையில் கொடுத்து, அதன் முதுகில் இரு பக்கமும் விழுந்திருந்த மெல்லிய தட்டைப் பட்டையைக் காட்டினார். "முதுகும் வாயும் கூடவே தேய வேண்டும் கண்ணு. வாய் மட்டும் தேய்ந்தால் கத்தி வருடா வருடம் தடித்துக்கொண்டே போகும்." அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. முதுகைக் காப்பாற்றிக்கொண்டே வாயை மட்டும் தேய்த்தால் அகலம் குறையும், கோணம் ஏறும். முதுகும் சேர்ந்து தேய்வதால்தான் பழைய கத்திகள் பல வருடமாக ஒரே கோணத்தில் நின்றன. அவர்கள் கல்லில் அழுத்தவும் மாட்டார்கள், பொத்தல் விழும் வரை விடவும் மாட்டார்கள். ஆகவே செதுக்கல் இல்லாத கத்திக்கு, சும்மா கூர் ஏற்றும் வேலைக்கு, டேப் தேவையில்லை என்று எனக்கும் இப்போது படுகிறது. கொடி செதுக்கிய கத்திக்கும், பொத்தல் எடுக்கும் முரட்டு வேலைக்கும் ஒட்டத்தான் வேண்டும்.

ஆவணியில் மாமா எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் குழிந்த சாணைக்கல்லை இப்போது சமன் செய்துகொண்டிருக்கிறேன், கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் வைத்து, தினமும் கால்மணி நேரம். இன்னும் ஒரு மில்லிமீட்டர் குழி பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் சாதாரணக் கத்தியை டேப் இல்லாமல் அந்தக் கல்லில் மாமா தீட்டிக் காட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு.